மூச்சுக்குழாய் ஆய்வுக்கு வரும் இளையவர்களுக்கு

1. நுரையீரல் ஆய்வகத்தில் இடம் கிடைக்கவில்லையே என்று மனம் சுணங்க வேண்டாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் கதையைப் பாருங்கள். மூச்சுக்குழாயில் சளி கெட்டிப்பட்டு, கிருமி குடியேறி, இளவயதிலேயே உயிரைக் குடித்துவந்த பரம்பரை நோய் அது. 1938இல் டோரதி ஆண்டர்சன் அதை விவரித்தது கணையத்தின் நோயாக. 1948இல் நியூயார்க் வெக்கையில் துவண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்த நோயாளிகள் பலர் இருப்பது கண்ணில் பட்டது. அந்தத் தடத்தைப் பிடித்துப் போன பால் டி சாந்த் ஆக்னீஸ், இவர்களின் வியர்வையில் உப்பு மிகுதி என்று 1953இல் காட்டினார். இன்றும் நோயை உறுதிசெய்வது வியர்வைச் சோதனைதான். 1983இல் பால் குவின்டன், தாமே அந்நோய் உள்ளவர், வியர்வைச் சுரப்பியின் நாளத்தைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தார். குளோரைடு அதன் சுவரைக் கடக்கவில்லை. அடிப்படைக் கோளாறு பிடிபட்டது தோலில்! ஆகவே சிறுநீரகமோ குடலோ, கிடைத்த ஆய்வகத்தில் உப்பும் நீரும் செல்லைக் கடக்கும் விதத்தை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

2. எலி சொல்வதையே முடிவாகக் கொள்ளாதீர்கள். இந்நோய்க்குக் காரணமான சி.எஃப்.டி.ஆர். மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. 1992இல் அது செயலிழந்த எலிகளை உருவாக்கினார்கள். குடல் அடைத்துக்கொண்டது, ஆனால் மனிதருக்கு வருவதுபோல் நுரையீரல் நோய் வரவில்லை. அதே மரபணு செயலிழந்த பன்றிகளுக்கு வந்தது.

3. மனித மூச்சுக்குழாய்ச் செல்களை வளர்க்கப் பழகுங்கள். மேலே காற்று, கீழே ஊட்டநீர். நுண்மயிர்கள் முளைத்து அசைய மூன்று நான்கு வாரங்கள் ஆகும், முடுக்க முடியாது. அந்த நாட்களில் புள்ளியியல் படியுங்கள். நம் பிள்ளைகள் அதில்தான் தடுமாறுகிறார்கள்.

4. பாடநூலில் முடிந்துபோன விஷயத்தையும் மறுபடி பாருங்கள். சி.எஃப்.டி.ஆர். மிகுந்திருக்கும் அயனோசைட் என்னும் அரிய செல் மூச்சுக்குழாயில் இருப்பது 2018இல்தான் தெரியவந்தது.

5. நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுங்கள். சி.எஃப்.டி.ஆர். புரதத்தை நேராக இயங்கவைக்கும் முதல் மருந்து 2012இல் வந்தது. மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு 2019இல் வந்து பலருக்கு ஆயுளை நீட்டித் தந்தது. அமெரிக்காவில் அப்போது அதன் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். அந்தப் புரதமே உருவாகாத மரபணு மாற்றம் உடையவர்களுக்கோ எந்த விலைக்கும் அது பயன்படாது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் இவர்களிடமிருந்து தொடங்குங்கள்.