வேகமும் விழிப்பும்

நுழையும்முன்

ஒரு விளையாட்டின் இடர்களை அறிந்தவரே அதில் நெடுங்காலம் நிலைத்து ஆட இயலும். மேடும் பள்ளமும் வளைவும் நிறைந்த தடத்தில் சிறிய மிதிவண்டியைச் செலுத்தும் விளையாட்டு பி.எம்.எக்ஸ். அதில் நேரும் காயங்களின் இயல்பையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியச் சிறுவர்கள், மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களைப் போலத் தம் மிதிவண்டிகளை மண்தடங்களில் ஓட்டி மகிழ்ந்தனர். அவ்விளையாட்டு 'பைசிக்கிள் மோட்டோகிராஸ்' எனப் பெயர் பெற்றது, பி.எம்.எக்ஸ். என்பது அதன் சுருக்கம். 20 அங்குலச் சக்கரமும் உறுதியான சட்டகமும் இவ்வண்டியின் அடையாளங்கள். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதன் பந்தயப் பிரிவு இடம்பெற்றது. சாகசப் பிரிவு டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமானது.

பந்தயத்தில் எண்மர் ஒரே நேரத்தில் புறப்படுவர். ஒலிம்பிக் தடத்தின் தொடக்க மேடை ஏறத்தாழ 8 மீட்டர் உயரமுடையது. அதிலிருந்து இறங்கும் வீரர், சில நொடிகளில் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவார். அவ்வேகத்தில் ஒருவர் தடுமாறினால், பின்தொடர்பவர் விலகிச் செல்ல இடமும் இராது, நேரமும் இராது.

காயங்களின் வகைகள்

தோல் உராய்வதால் ஏற்படும் சிராய்ப்பும், அடிபடுவதால் தோன்றும் கன்றலும் இவ்விளையாட்டில் மிகுதி. மிதியிலிருந்து கால் நழுவும்போது அதன் கூர்முனைகள் முன்னங்காலைக் கிழிப்பதும் உண்டு.

விழும்போது கையை நீட்டித் தரையில் ஊன்றுவது மனித இயல்பு. அப்போது உடலின் எடை முழுவதும் மணிக்கட்டின் வழியே தோளுக்கு ஏறுகிறது. மணிக்கட்டு, முன்கை, காறையெலும்பு ஆகியவை முறிவதற்கு இதுவே முதன்மைக் காரணம். மணிக்கட்டிலுள்ள படகெலும்பின் முறிவு, முதல் எக்ஸ்-கதிர்ப் படத்தில் புலப்படாமலும் போகலாம். ஆதலால், பெருவிரலின் அடிப்பகுதியில் வலி நீடித்தால் மீண்டும் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

வெளியே தெரியாத காயங்களே மிகுந்த இடர் தருபவை. வண்டியின் கைப்பிடி முனை வயிற்றில் இடித்தால், தோலில் சிறு வட்டத் தழும்பு மட்டுமே தெரியலாம். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ சிதைந்திருக்கக்கூடும். வயிற்றுவலி, வாந்தி, முகவெளிறல் ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூளையதிர்ச்சி

தலை திடீரென அசைக்கப்படும்போது, மண்டையோட்டினுள் மூளையும் அசைந்து அதிர்வுறுகிறது. இதுவே மூளையதிர்ச்சி. நினைவிழந்தால்தான் மூளையதிர்ச்சி என்று கருதுவது தவறு. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மங்கிய பார்வை, நிகழ்ந்ததை மறத்தல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டல் ஆகியவையும் இதன் அறிகுறிகளே. முதல் அதிர்ச்சி ஆறுமுன் மீண்டும் தலையில் அடிபட்டால் உயிருக்கே ஊறு நேரலாம். எனவே ஐயம் எழுந்தவுடனே விளையாட்டை நிறுத்துதலும், மருத்துவர் இசைவு பெற்ற பின்னரே திரும்புதலும் விதிகளாகும்.

தலைக்கவசத்தின் அறிவியல்

1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, நொடிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். அது 2 மில்லிமீட்டர் தொலைவுக்குள் நின்றால் ஏற்படும் சராசரி விசையைவிட, 20 மில்லிமீட்டர் தொலைவில் நின்றால் ஏற்படும் விசை பத்தில் ஒரு பங்காகக் குறையும். தலைக்கவசத்தின் உட்புற நுரைப்பொருள் நசுங்கி, நிற்கும் தொலைவை நீட்டித் தருகிறது. நசுங்கிய நுரை மீண்டும் முழுமையாக விரியாது. ஆகவே, ஒருமுறை பலத்த அடிவாங்கிய கவசத்தை மாற்றிவிட வேண்டும். கவசம் மண்டையோட்டை நன்கு காக்கும். மூளையதிர்ச்சியை முற்றிலும் தடுத்துவிடாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

காக்கும் வழிகள்

பந்தயத்தில் முகத்தையும் மூடும் தலைக்கவசம், விரல்களை மூடும் கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவை கட்டாயம். முழங்கால், முழங்கைக் காப்புகளும் அணிதல் நன்று. கவசம் நெற்றியை மறைத்து அமர்ந்து, தாடைப்பட்டை இறுகியிருத்தல் வேண்டும்.

புறப்படுமுன் பிரேக், சங்கிலி, சக்கரத் திருகுகள், காற்றழுத்தம் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். கைப்பிடிக் குழாயின் இருமுனைகளும் மூடப்பட்டிருத்தல் இன்றியமையாதது. திறந்த முனை கத்திபோல் வெட்டும்.

புதிய சாகசங்களை நுரைக்குழியில் பழகி, பின்னர் மென்தளத்திலும், இறுதியில் கடுந்தளத்திலும் செய்வது முறை. கையை விறைப்பாக ஊன்றாமல் உடலைச் சுருட்டித் தோள்வழியே உருளும் பயிற்சியையும் பெற வேண்டும். களைப்புற்ற உடல் தாமதமாகவே வினையாற்றும். எனவே களைப்புத் தோன்றும்போது ஓய்வு கொள்ளுதலே அறிவுடைமை.

முதலுதவி

சிராய்ப்பைத் தூய நீரால் கழுவி மூடவேண்டும். முறிந்ததாக ஐயுறும் உறுப்பை அசையாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். கழுத்திலோ முதுகிலோ வலி இருந்தால், விழுந்தவரைத் தூக்கவும் உட்காரவைக்கவும் கூடாது. தலைக்கவசத்தையும் கழற்ற முயலாமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

மீண்டெழுந்தோர்

ஆஸ்திரேலிய வீரர் காய் சகாகிபரா, 2020ஆம் ஆண்டு பாதர்ஸ்ட் நகரில் நடந்த பந்தயத்தில் விழுந்து மூளையில் கடுங்காயமுற்றார். பேச்சையும் நடையையும் அவர் மீண்டும் கற்க நேர்ந்தது. அவருடைய தங்கை சயா, டோக்கியோ அரையிறுதியில் விழுந்து மூளையதிர்ச்சிக்கு ஆளானார். விளையாட்டைக் கைவிடவும் எண்ணிய அவர், உடல் தேறித் திரும்பி 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

டோக்கியோவில் அமெரிக்க வீரர் கானர் ஃபீல்ட்ஸ் விழுந்தபோது மூளையில் குருதிக்கசிவும், விலா எலும்பு முறிவும், நுரையீரல் பாதிப்பும் ஏற்பட்டன. அவர் 2016ஆம் ஆண்டின் ஒலிம்பிக் வாகையர். தேர்ச்சியின் உச்சியில் இருப்போரும் விழுவர் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன. கவசத்தை இறுக்கிக் கட்டும் சில நொடிகளைத் தேவையற்றவை என எண்ணுதல் எத்தகைய வீரருக்கும் பொருந்தாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மிதிவண்டியில் சோதிக்க வேண்டிய உறுப்புகளைப் பட்டியலிட்டு, அவற்றின் நிலையைக் குறித்து வருக.
2. "அடிபட்டபின் வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது வீரமா?" என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: மூளையதிர்ச்சியின் அறிகுறிகளுள் நான்கினைக் கூறுக.
சிறுவினா: அடிவாங்கிய தலைக்கவசத்தை மாற்றவேண்டியதன் காரணத்தை விளக்குக.
நெடுவினா: பி.எம்.எக்ஸ். விளையாட்டில் நேரும் காயங்களையும் தடுப்பு முறைகளையும் தொகுத்து எழுதுக.