நத்தம் நிலமும் புவித்தகவல் முறையும்

ஓர் ஊரில் எத்தனை வீடுகள் உள்ளன? தெரு எங்கே முடிந்து, தனியார் மனை எங்கே தொடங்குகிறது? இவ்வினாக்களுக்கு விடை கூறும் ஆவணம் இந்தியக் கிராமங்கள் பலவற்றில் நெடுங்காலம் இருந்ததில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் நடைபெற்ற நில அளவையின் முதல் நோக்கம் தீர்வை வசூல் ஆகும். எனவே சாகுபடி நிலம் புலம் புலமாக அளக்கப்பட்டது; தீர்வைக்கு உட்படாத குடியிருப்பு நிலம் பல மாகாணங்களில் ஒரே தொகுதியாக விடப்பட்டது. தமிழில் நத்தம் என வழங்கும் இந்நிலத்தை வடமாநிலங்களில் ‘ஆபாதி’ என்பர். பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் வருவாய்த் துறைப் படத்தில் அதனைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரையப்பட்டமையால், ‘லால் டோரா’ என்னும் பெயரும் வழங்கலாயிற்று.

இதன் விளைவுகள் சிறியன அல்ல. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பம், அவ்வீட்டை ஈடுகாட்டி வங்கிக் கடன் பெற இயலவில்லை. எல்லைத் தகராறுகளைத் தீர்க்கச் சான்று இல்லை. ஊராட்சியும் வீட்டுவரியை அளவறிந்து விதிக்க இயலாத நிலை ஏற்பட்டது.

புவித்தகவல் முறை என்பது யாது?

காகிதத்தில் வரைந்த படம் இடத்தை மட்டுமே காட்டும். புவித்தகவல் முறையில் படத்திலுள்ள ஒவ்வொரு மனையும், கிணறும், சாலையும் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளோடு கணினியில் பதிவாகின்றன. உரிமையாளர் பெயர், பரப்பு, வரி முதலிய விவரங்கள் அவற்றோடு இணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு வகைத் தகவலும் ஓர் அடுக்காக அமையும். வீடுகளின் அடுக்கின்மீது குடிநீர்க் குழாய்களின் அடுக்கைப் பொருத்தினால், குழாய் எட்டாத தெருக்கள் உடனே புலப்படும்.

ஸ்வமித்வா திட்டம்

குடியிருப்பு நிலத்தை இம்முறையில் அளந்து பதிவு செய்வதற்கென ‘ஸ்வமித்வா’ திட்டம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. ஊராட்சி அமைப்புகளுக்கு அரசியலமைப்புத் தகுதி அளித்த 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் 1993ஆம் ஆண்டு இதே நாளில்தான். சில மாநிலங்களில் முன்னோடியாக நடைபெற்ற இத்திட்டம், 2021இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமும், மாநில அரசுகளும், இந்திய நில அளவைத் துறையும் இதில் இணைந்து செயலாற்றுகின்றன.

பணி கிராமசபையின் கூட்டத்தோடு தொடங்குகிறது. திட்டம் மக்களுக்கு விளக்கப்பட்டபின், மனை எல்லைகள் உரிமையாளர் முன்னிலையில் சுண்ணாம்புப் பொடியால் குறிக்கப்படுகின்றன. டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானம் ஊரின் மேல் பறந்து ஒளிப்படங்கள் எடுக்கிறது. அவற்றிலிருந்து வரையப்படும் படம் களத்தில் சரிபார்க்கப்படுகிறது, ஆட்சேபணைகள் விசாரிக்கப்படுகின்றன. இறுதியில் சொத்து அட்டை வழங்கப்படுகிறது. இவ்வட்டை உத்தரப் பிரதேசத்தில் ‘கரௌனி’ எனவும், மகாராஷ்டிரத்தில் ‘சனத்’ எனவும் பெயர் பெறும். 2025 ஜனவரி 18 அன்று ஒரே நாளில் 50,000க்கும் மேற்பட்ட கிராமங்களில் 65 லட்சம் அட்டைகள் வழங்கப்பட்டன.

திட்டமிடலில் பயன்

அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை 29 துறைகளை ஊராட்சிகளின் பொறுப்புக்கு உரியனவாகக் குறிப்பிடுகிறது. சாலை, குடிநீர், சிறுபாசனம் முதலிய இத்துறைகளில், பணி எங்கே தேவை என்பதே முதல் வினா. ஊராட்சிகளின் வளர்ச்சித் திட்டங்களுக்கு உதவும் பொருட்டு ‘கிராம் மான்சித்ர’ என்னும் கணினிப் படத்தளத்தை அமைச்சகம் உருவாக்கியுள்ளது. நகர்ப்புறங்களிலும் இத்தகைய முயற்சி நடைபெறுகிறது. நகர நிலங்களை அளந்து பதிவு செய்யும் ‘நக்‌ஷா’ திட்டம், 2025 பிப்ரவரியில் 152 நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

டிரோன் கூரையைக் காணும்; உரிமையைக் காணாது. உடன்பிறந்தார் பிரித்துக்கொள்ளாத வீடு, வெளியூரில் பிழைப்போரின் பூட்டிய வீடு, கணவரை இழந்த பெண்ணின் பங்கு ஆகியவற்றை ஒளிப்படத்திலிருந்து அறிய இயலாது. பொதுவழியை அடைத்துக் கட்டிய சுவரும், முறையாக எழுப்பிய சுவரும் வானிலிருந்து நோக்கினால் ஒன்றுபோலவே தோன்றும். கைப்பிடித்தாள் பதிவேட்டில் இருந்த பிழை கணினிக்கு ஏறிவிட்டால், அதனை ஐயுறுவோர் குறைவர். பாதிக்கப்பட்டவரின் சுமையோ கூடும்.

ஆதலின் ஆட்சேபணைக்குரிய காலத்தை வெறும் சடங்காகக் கருதுதல் தவறு. வரைவுப் படத்தை ஊர்ப் பொதுவிடத்தில் வைத்து, எழுத்தறியாதோர்க்கும் விளங்குமாறு எடுத்துரைத்தல் அலுவலர் கடமை. வீடு பாகம் பிரியும்போதும் கைமாறும்போதும் பதிவு உடனுக்குடன் திருத்தப்பட வேண்டும். அன்றேல் சில ஆண்டுகளில் புதிய படமும் பழங்கணக்காகிவிடும். அளவையைத் துல்லியமாக்குவது கருவி. அதனை நியாயமாக்குவது கிராமசபை. இவ்விரண்டும் இணையும் ஊரிலேயே புவித்தகவல் முறை தன் முழுப் பயனைத் தரும்.