‘மாங்கோ’: காயின் பெயர் பெற்ற பழம்

ஆங்கிலத்தில் ‘மாங்கோ’ என்றால் மாம்பழம் என்று நம் பிள்ளைகள் சிறு வகுப்பிலேயே படிக்கிறார்கள். அது சரியே. ஆயினும் பழைய ஆங்கிலச் சமையல் நூல்களில் அதே சொல் வெள்ளரிக்காயையும் முலாம்பழத்தையும் குறிப்பதுண்டு. இது எவ்வாறு நேர்ந்தது என இப்பாடத்தில் நோக்குவோம்.

1. சொல்லின் பிறப்பு

தமிழில் மாங்காய் வேறு, மாம்பழம் வேறு. 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்த போர்த்துக்கேயர், மலையாளக் கரையில் வழங்கிய ‘மாங்ங’ என்பதை ‘மங்கா’ என எடுத்துக்கொண்டனர். அது நமது ‘மாங்காய்’ என்பதன் உடன்பிறப்பு. அவர்கள் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்தை அடைந்தது. ஆகவே கனிந்த பழத்தையும் ஆங்கிலம் காயின் பெயராலேயே அழைக்கிறது.

2. ஊறுகாயான பெயர்

அந்நாளில் இங்கிலாந்துக்கான கப்பற் பயணம் பல மாதங்கள் நீடித்தது. பழம் வழியிலேயே அழுகிவிடும். ஊறுகாயாகப் போட்ட மாங்காயே கரைசேர்ந்தது. மரத்தையும் பழத்தையும் கண்டிராத மக்கள் அந்த ஊறுகாயையே ‘மாங்கோ’ என விளங்கிக்கொண்டனர். பின்னர் தம் தோட்டத்துக் காய்களை அவ்வாறு ஊறவைத்து, அவற்றுக்கும் அப்பெயரையே இட்டனர். ஜோன் ஈவ்லின் 1699இல் வெளியிட்ட ‘அசெற்றாரியா’ என்னும் நூலில் வெள்ளரிக்காய் ‘மாங்கோ’வுக்குச் செய்முறை உண்டு: பெரிய காயைக் கீறி, விதையை அகற்றி, உள்ளியை வைத்து, வினாகிரியில் ஊறவிட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் ‘ஊறுகாய் போடு’ என்னும் பொருளில் வினைச்சொல்லாகவும் அது வழங்கியது. அமெரிக்காவின் ஒஹாயோ, இந்தியானா மாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டிலும் பச்சைக் குடைமிளகாயைப் பலர் ‘மாங்கோ’ என்றே அழைத்தனர். கோவாவை உள்ளே அடைத்து அதை ஊறுகாய் போட்ட வழக்கமே காரணம்.

3. பிற வழக்குகள்

கேரளத்திலும் கர்நாடகத்திலும் பருவமழைக்கு முன், மாங்காய் முதிரும் காலத்தில் பெய்யும் மழையை ஆங்கிலத்தில் ‘மாங்கோ மழை’ என்பர். ஆனால் மங்குஸ்தானின் ஆங்கிலப் பெயர், ஒலியால் ஒத்திருப்பினும், இச்சொல்லிலிருந்து பிறந்ததன்று. அது மலாய் மொழியிலிருந்து வந்தது.

எனவே ஒரு சொல்லின் பொருளைத் தேடும்போது, அதை வழங்கியவர்களின் கையில் எந்தப் பொருள் இருந்தது என்றும் கேட்க வேண்டும். ஊறுகாய் போடுவதைச் சிறு வேலையென எண்ணுகிறோம். தூர தேசத்தில் நம் காய்க்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தக் கைப்பக்குவமே.

கலந்துரையாட: மாங்காய்க் காலத்தில் நம் ஊரில் வீணாகும் காய் எவ்வளவு? அவற்றைப் பக்குவப்படுத்தத் தெரிந்த மூத்தவர்கள் யார்?