பழுதறிதல்

ஒரு பொருளை வாங்குதற்குப் பணம் வேண்டும். அதனைப் பேணுதற்கு அறிவு வேண்டும். நம் முன்னோர் தேய்ந்த அம்மியைக் கொத்துவித்தனர். ஓட்டை விழுந்த குடத்தை அடைப்பித்தனர். பழுதுற்றதனை உடனே எறிந்துவிடும் வழக்கம் அவர்பால் இல்லை. அப்பண்பு இந்நாளைய கருவிகளுக்கும் பொருந்துவதே.

தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின்னர், எளியோர் இல்லங்களிலும் அக்கருவி இடம்பெற்றது. அது ஒருநாள் இயங்காது கிடப்பின் இல்லத்தார் கலங்குகின்றனர். கடைக்காரர் கேட்கும் தொகை சிலருக்கு ஒரு மாதத்து வருவாயாகவும் இருத்தல் கூடும். எல்லாப் பழுதும் கடைக்குச் செல்ல வேண்டுவன அல்ல. எல்லாம் வீட்டில் நீக்கத்தக்கனவும் அல்ல. இவ்விரண்டையும் பிரித்தறிதலே முதற்கண் வேண்டப்படுவதாகும்.

நல்ல மருத்துவன் நோயாளியைக் கண்டவுடன் கத்தியைக் கையில் எடுப்பதில்லை, நாடி பார்க்கிறான், வினவுகிறான், பின்னரே முடிவு செய்கிறான். கணினியின் பழுதைப் பார்ப்பவனுக்கும் அம்முறையே உரியது. முதலில் மின்சாரம் வருகின்றதா எனக் காண்க. அதே இடத்தில் வேறொரு கருவியைப் பொருத்தினால் அது விளங்கும். அடுத்து, சார்ஜர் எனப்படும் மின்னேற்றியை ஆராய்க. மாற்று மின்னேற்றி கிடைப்பின், அதன்மேல் அச்சிட்ட வோல்ட் அளவு பழையதன் அளவோடு ஒத்திருத்தல் இன்றியமையாதது. பின்னர் மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் பொருத்தி இயக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே தங்கிய மின்னூட்டம் நீங்குதலால், சில கணினிகள் இவ்வளவிலேயே உயிர்பெறும்.

விசிறியின் ஓசை கேட்டும் திரை இருண்டிருப்பின், டார்ச் விளக்கின் ஒளியைத் திரைமீது சாய்வாகப் பாய்ச்சுக. உருவம் மங்கலாகத் தெரியுமாயின், கெட்டது திரையின் பின்னொளியே. தொலைக்காட்சியோடு இணைத்து அங்கே படம் தோன்றுமாயின், குறை திரையிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ உள்ளது என்று துணியலாம். சிறிது நேரம் இயங்கிச் சூடேறி அணையுமாயின், பெரும்பாலும் விசிறியின் வழியைத் தூசி அடைத்திருக்கும். இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே சென்றால், எஞ்சி நிற்பதே பழுதின் இடமாகும்.

கணினியைத் திறக்க நேரின் பெரியோர் ஒருவரை உடன் வைத்துக்கொள்க. உத்தரவாதக் காலம் முடியாத கருவியைத் திறவாமை நன்று. திறக்குமுன் மின்னேற்றியைக் கழற்றுக. உலோகப் பொருளொன்றைத் தொட்டு உடலில் தங்கிய நிலைமின்சாரத்தைப் போக்குக. திறந்தவுடன் பேட்டரியின் இணைப்பை நீக்குக. திருகாணிகள் யாவும் ஒரே நீளமுடையன அல்ல. தாளொன்றில் கணினியின் அடிப்புறத்தை வரைந்து, எடுத்த ஆணியை எடுத்த இடத்திலேயே வைத்தல் வேண்டும். குட்டை ஆணிக்குரிய இடத்தில் நெட்டை ஆணியை முடுக்கின், அது உள்ளிருக்கும் மின்பலகையைச் சிதைத்துவிடும். விசிறியை விரலால் நிறுத்திக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தூசியைத் துடைக்கலாம். தளர்ந்த நினைவகத் தகட்டைக் கழற்றிச் செம்மையாகப் பொருத்தலாம். இவை பொறுமையுடையார்க்கு அரியன அல்ல.

இனி, செய்யத்தகாதன சில உள. பேட்டரி உப்பியிருப்பின் அதனை அழுத்துதலும் குத்துதலும் கூடா. அது தீப்பற்றும் இயல்பினது. அத்தகைய கணினியை இயக்காது வல்லுநரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். மின்னேற்றியின் கூட்டைப் பிளத்தல் உயிருக்கே கேடாகும். நீர் சிந்திய கணினியை உடனே அணைத்துவிட வேண்டும். உலர்ந்துவிட்டது என்று எண்ணி விரைந்து இயக்கலாகாது. தன் எல்லையை அறிந்து வல்லாரிடம் ஒப்படைத்தலும் அறிவின் பாற்பட்டதே.

பழுது நீக்குதலால் வரும் பயன் ஒரு வீட்டோடு நிற்பதன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு குவிந்தது; அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு. இந்நிலையை மாற்ற முயல்வோர் பலர் உளர். 2009-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டின் போஸ்ட்மா என்னும் பெண்மணி, பழுதுற்ற பொருள்களை மக்கள் கூடியிருந்து சரிசெய்யும் 'ரிப்பேர் கஃபே' என்னும் அமைப்பைத் தொடங்கினார். அது பின்னர்ப் பல நாடுகளிலும் பரவியது. 2021-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அரசு, மடிக்கணினி முதலிய சில பொருள்களைப் பழுது பார்த்தல் எத்துணை எளிது என்பதைப் பத்துக்கு இத்துணை மதிப்பெண் எனக் குறித்து விற்க வேண்டும் என்று விதித்தது.

மாணவர்களே! உங்கள் கட்டுரைகளையும் படங்களையும் கணினி கெடுமுன்னரே வேறோரிடத்தில் படியெடுத்து வையுங்கள். கருவியை மாற்றலாம், இழந்த உழைப்பை மீட்டல் அரிது. பழுது நேர்ந்தபோது பதறாதீர்கள், காரணத்தை நாடுங்கள், உங்களால் இயன்றதைச் செய்யுங்கள், இயலாததை வல்லாரிடம் விடுங்கள். அங்ஙனம் விடும்போதும், பழுது இன்னது என்று அறிந்து சொல்வோரை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.