பழைய மிக்ஸரைப் புதுக்கப் புறப்படும் தம்பிமாருக்கு

துணுக்காயில் என் கொட்டிலுக்கு இன்று வருகிற கொங்கிறீற் மிக்ஸர்களில் பல ஒரே காலத்துப் பிள்ளைகள். 2009 முடிவில் சனம் ஊருக்குத் திரும்பத் தொடங்கியது. பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. காசு பகுதி பகுதியாக வரும், கட்டுகிற பொறுப்பு வீட்டுக்காரருக்கு. மல்லாவி, யோகபுரம், உயிலங்குளம் என்று எல்லா இடமும் ஒரே நேரத்தில் அத்திவாரம் வெட்ட, வாடகை மிக்ஸருக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அப்போது வாங்கிய மெசின்கள்தான் இப்போது பல்லுத் தேய்ந்து, பெயாரிங் உறுமி, தகடு ஓட்டையாகி வருகின்றன.

நான் வேலை பழகியது அதற்கும் முன்னால், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல், டீசல், சீமெந்து, பற்றரி என்று தடைப் பட்டியல் நீண்டது. ஒரு மூடி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம். அன்று திருத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காசு கொடுத்தால் புது மெசின் எடுக்கலாம். ஆகவே இன்று திருத்துகிறவன், ஏன் திருத்துகிறேன் என்று கணக்கோடு சொல்லத் தெரிந்தவனாக இருக்கவேண்டும். அதற்குத்தான் இந்தச் சில சொற்கள்.

1. கழற்ற முதல் கேளுங்கள்.
மெசின் வந்தவுடன் ஸ்பனரைத் தூக்காதீர்கள். வெறுமையாக ஓடவிட்டுக் கேளுங்கள், பிறகு மணலும் சல்லியும் போட்டுக் கேளுங்கள். சொந்தக்காரரிடம் ஒரு கதை இருக்கும், ஓட்டுகிற பெடியனிடம் இன்னொரு கதை இருக்கும். பெரும்பாலும் இரண்டாவதுதான் சரி. ஒருவர் வந்து, “அண்ணை, எஞ்சின் இழுக்குதில்லை, வேற எஞ்சின் போடவேணும்” என்றார். ட்ரம்முக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு அங்குலத் தடிப்பில் பழைய கொங்கிறீற் இறுகிக் கிடந்தது. இரண்டு சதுர மீற்றர் பரப்பில் ஒரு அங்குலம் என்றால் ஏறக்குறைய 120 கிலோ. இரண்டு சீமெந்துப் பைக்கு மேற்பட்ட பாரத்தை அந்த எஞ்சின் நாள் முழுக்கச் சும்மா சுமந்திருக்கிறது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

2. தேய்கிறதையும் தேயாததையும் பிரியுங்கள்.
ஒரு மெசின் முழுதாக ஒரே நாளில் சாவதில்லை. சட்டம், அச்சு, ட்ரம் மூன்றும் நீண்ட ஆயுள் உள்ளவை. உள் அலகுகள், சின்னப் பல்லுச் சக்கரம், பெயாரிங், பெல்ற் நான்கும் தேயவென்றே பிறந்தவை. கொப்பியில் மூன்று நிரல் கீறுங்கள்: வைக்கலாம், திருத்தலாம், மாற்றவேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் ஏதாவது ஒரு நிரலில் எழுதிய பிறகுதான் விலை பேசவேண்டும்.

3. முடியாதென்று சொல்லவும் பழகுங்கள்.
சட்டம் பல இடத்தில் வெடித்து, ட்ரம் தகடும் கடதாசி மாதிரி மெலிந்திருந்தால், அதைப் புதுக்குவது செத்த மாட்டுக்கு லாடம் கட்டுகிற வேலை. என் கணக்கு இது: திருத்தச் செலவு புது மெசின் விலையில் பாதியைத் தாண்டினால், சொந்தக்காரரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்வேன். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது புதுசின் விலையும் கூட ஏறியது. அதற்கு முதல் வருடம் கைவிடச் சொல்லியிருக்கக்கூடிய மெசின்களைக்கூட அன்று திருத்தினோம். விலை மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஆனபடியால் போன வருடத்துக் கணக்கை வைத்து இந்த வருடம் பதில் சொல்லாதீர்கள்.

4. ட்ரம்மைச் சுத்தியலால் அடிக்காதீர்கள்.
இறுகிய கொங்கிறீற்றை உதிர்க்க வெளியிலிருந்து அடிப்பார்கள். உதிரும்தான். ஆனால் அடித்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு பள்ளம் விழும். அடுத்த கலவை அந்தப் பள்ளத்தின் முதுகில்தான் முதலில் ஒட்டும். உள்ளுக்கிருந்து சிற்றுளியால் பொறுமையாகக் கொத்தி எடுங்கள். ஓட்டைக்கு ஒட்டுப் போடுவதானால் தகட்டை வெளிப்பக்கம் வையுங்கள். உட்புறத்தில் விளிம்பு நின்றால் அங்கே சாந்து கூடு கட்டும்.

5. பழைய அலகை வெட்ட முதல் அச்சு எடுங்கள்.
உள்ளே இருக்கிற அலகின் சரிவுதான் கலவையைத் தூக்கி, மடித்து, நடுவுக்குத் தள்ளுகிறது. சரிவு பிழைத்தால் ட்ரம் சுற்றும், உள்ளே சாந்து கலக்காது. ஒரு பக்கம் சல்லி, மறுபக்கம் குழம்பு. தேய்வு குறைந்த அலகைப் பார்த்துக் காட்போட் மட்டையில் அதன் வடிவத்தையும் சரிவையும் வெட்டி வையுங்கள். எல்லாமே தேய்ந்திருந்தால் அதே இன மிக்ஸர் யாரிடம் ஓடுகிறதென்று தேடிப்போய் அளவெடுங்கள். கண்மட்டம் இதற்குக் காணாது.

6. வெல்டிங் ஏர்த்தை எங்கே கடிக்க விடுகிறீர்கள் என்று பாருங்கள்.
இது என் கைக்காசு போய்ப் படித்த பாடம். ட்ரம்முக்குள் அலகு ஒட்டும்போது, வசதி என்று ஏர்த் கிளிப்பைக் கீழே சட்டத்தில் கொழுவினேன். ஒட்டு அழகாக வந்தது. மூன்று கிழமையில் மெசின் உறுமிக்கொண்டு திரும்பி வந்தது. ட்ரம்மிலிருந்து சட்டத்துக்குப் போக வேறு பாதை இல்லாமல் கரன்ட் பெயாரிங்கின் குண்டுகளுக்கு ஊடாகப் போயிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் குண்டோடுகிற பாதையில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி புள்ளியாகச் சுட்ட அடையாளம். பெயாரிங்கும் கூலியும் என் செலவு. எந்தத் துண்டை ஒட்டுகிறீர்களோ அந்தத் துண்டிலேயே, ஒட்டுகிற இடத்துக்குக் கிட்ட ஏர்த்தைக் கொழுவுங்கள்.

7. பல்லுச் சக்கரத்துக்கு இரண்டு முகம் உண்டு.
ட்ரம்மைச் சுற்றியிருக்கிற பெரிய சக்கரம் ஒரு பக்கமாகவே சுற்றுவதால் பல்லின் ஒரு முகம்தான் தேயும். பொல்ட்டில் பூட்டிய சக்கரமாக இருந்து, அமைப்பும் இடம் கொடுத்தால், கழற்றித் திருப்பிப் போடுங்கள். தேயாத முகம் வேலைக்கு வரும். அதோடு சின்னச் சக்கரத்தைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். கூராகிப்போன பழைய பல், புதுப்பல்லையும் தின்றுவிடும். பெரிய சக்கரம் வார்ப்பிரும்பா உருக்கா என்று ஒட்ட முதல் அறியவேண்டும். மறைவான மூலையில் உளியால் சீவிப் பாருங்கள்: சுருளாக வந்தால் உருக்கு, துகளாக உடைந்தால் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பைச் சூடாக்காமல் சாதாரணக் குச்சியால் ஒட்டினால், ஒட்டுக்குப் பக்கத்தில் ‘டிக்’ என்று வெடிக்கிற சத்தத்தை நீங்களே கேட்பீர்கள். ஒட்டிய பிறகு அடுப்புச் சாம்பலால் மூடி, மெல்ல ஆறவிடுங்கள்.

இன்னொன்று. வெளியே திறந்து கிடக்கிற இந்தப் பற்களுக்குக் கிறீஸ் பூசாதீர்கள். மணலும் சீமெந்துத் தூளும் கிறீஸில் ஒட்டினால் அது அரைக்கிற பசைதான். அன்போடு பூசிப் பல்லைத் தின்னக் கொடுத்தவர்கள் பலர்.

8. எஞ்சின் மாற்றினால் வேகக் கணக்குப் போடுங்கள்.
நிமிடத்துக்கு 1500 சுற்று டீசல் எஞ்சின். அதில் 4 அங்குலக் கப்பி, எதிரில் 16 அங்குலக் கப்பி: வேகம் 375 ஆகிறது. 12 பல்லுச் சின்னச் சக்கரம் 180 பல்லுப் பெரிய சக்கரத்தைச் சுற்றினால் ட்ரம் நிமிடத்துக்கு 25 சுற்று. நல்ல வேகம். இப்போது டீசலைக் கழற்றி 3600 சுற்றுச் சின்னப் பெற்றோல் எஞ்சினைக் கொழுவினால் ட்ரம் 60 சுற்றுச் சுற்றும். பார்க்கிறவன், “அட, என்ன வேகம்!” என்பான். உள்ளே என்ன நடக்கிறது? ஒரு மீற்றர் விட்டமுள்ள ட்ரம், 42 சுற்றைத் தாண்டினால் சாந்து மேலே போய் விழாமல் சுவரோடு ஒட்டிச் சுற்றும். கலவை இல்லை, இராட்டினம்தான். அந்த எஞ்சின்தான் வேண்டுமென்றால் வேகத்தைப் பாதியாக்குகிற கியர்ப்பெட்டி பூட்டிய இனத்தை எடுத்து, எதிர்க் கப்பியை 19 அங்குலமாக்குங்கள். மீண்டும் 25 வரும்.

மின்சார மோட்டர் போடுகிறவர்களுக்கு வேலை சுலபம். எங்கள் கரன்டில் நான்கு துருவ மோட்டர் 1440 சுற்று அளவில் ஓடும். பழைய டீசல் கப்பிகளே போதும். ஆனால் தண்ணீர் தெறிக்கிற இடம் அது. ஏர்த் கம்பியும் ட்ரிப் சுவிற்ச்சும் இல்லாமல் மோட்டர் பூட்டிக் கொடுக்கக் கூடாது.

9. பெயாரிங்கை இலக்கம் சொல்லி வாங்குங்கள்.
“மிக்ஸர் பெயாரிங் ஒன்று தாங்கோ” என்று கேட்டால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத் தருவார். பெயாரிங்கின் விளிம்பிலேயே இலக்கம் இருக்கிறது. 6206 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: துவாரம் 30 மில்லிமீற்றர். 6208 என்றால் 40. திறந்த பெயாரிங் இருந்த இடத்தில், அதே இலக்கத்தில் இரண்டு பக்கமும் இறப்பர் மூடி உள்ளதைப் போடுங்கள். விலை வித்தியாசம் பெரிதல்ல. சீமெந்துத் தூள் உள்ளே போகாது. பழையதை இருந்தபடி திருத்துவது ஒன்று, இருந்ததைவிட நன்றாக்குவது இன்னொன்று. காசு வாங்குகிறவன் இரண்டாவதையும் செய்யவேண்டும்.

10. மூடியைக் கழற்றினவனே பூட்டவேண்டும்.
என் இடது கைச் சுண்டுவிரலுக்கு நுனி இல்லை. வீட்டுத்திட்ட வேலை நெருக்கிய காலம். நாளைக்குப் பூட்டலாம் என்று பல்லுச் சக்கரத்தின் தகர மூடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மெசினை ஓடவிட்டுப் பார்த்தேன். நாளைக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மூடி இல்லாமல் வருகிற மெசினுக்கு, சொந்தக்காரர் கேட்காவிட்டாலும் தகரத்தில் மூடி அடித்துப் பூட்டுங்கள். எஞ்சின் நின்றபிறகுதான் ட்ரம்முக்குள் கை, தலை எல்லாம். மோட்டர் என்றால் பிளக்கைக் கழற்றி உங்கள் கண்ணுக்கு முன்னால் வையுங்கள்.

11. பழைய இரும்பு வாங்கும்போது எங்கே வாழ்கிறோம் என்பதை மறக்காதீர்கள்.
தகடும் குழாயும் பழைய இரும்புக் கடையில் மலிவு. ஆனால் இது வன்னி மண். கண்ணிவெடி அகற்றும் வேலை இத்தனை வருடத்துக்குப் பிறகும் நடக்கிறது. என்னவென்று தெரியாத குழாயை, இரண்டு பக்கமும் மூடிய உருளையை, மண்ணுக்குள்ளிருந்து யாரோ கொண்டுவந்த கனத்த துண்டை வெட்டவோ சூடாக்கவோ வேண்டாம். தொடாமல் விலகி, ஆட்களைத் தள்ளி நிறுத்தி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். எரிபொருள் இருந்த தாங்கியும் இதே வகைதான். கழுவாமல் வெல்டிங் வைத்தால் அதுவும் குண்டு.

12. வாயில் வைப்பதைக் கலக்குகிற மெசின் வேறு.
வெதுப்பகத்தில் மாக் குழைக்கிற மெசினும், கோழித்தீன் கலக்குகிற மெசினும் உங்களிடம் வரும். பல்லும் பெயாரிங்கும் ஒன்றுதான், ஒழுக்கம் வேறு. மா படுகிற இடத்தில் கறள் பிடிக்காத உருக்கு மட்டும். கல்வனைஸ் தகடு வேண்டாம், ஈயப் பற்றாசு வேண்டாம். மேலே இருக்கிற கியரிலிருந்து ஒயில் ஒரு துளி கசிந்தாலும் ‘சீல்’ மாற்றாமல் அனுப்பாதீர்கள். அந்தப் பாணை உங்கள் வீட்டுப் பிள்ளையும் சாப்பிடும்.

13. ஓட்டிக் காட்டி, பழையதைக் கையில் கொடுங்கள்.
வேலை முடிந்ததும் ஒரு மணித்தியாலம் வெறுமையாக ஓடவிட்டு நிறுத்துங்கள். பெயாரிங் வீட்டில் கையை வையுங்கள். கை பொறுக்காத சூடு என்றால் எங்கோ இறுக்கம். பிறகு ஒரு கலவை போட்டுப் பாருங்கள். கழற்றிய சாமான்களை ஒரு சாக்கில் போட்டுச் சொந்தக்காரரிடமே கொடுங்கள். எதற்குக் காசு கொடுத்தோம் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். திகதி, பெயாரிங் இலக்கம், கப்பி அளவு எல்லாம் உங்கள் கொப்பியில் இருக்கட்டும். அடுத்த முறை அரைநாள் மிச்சம்.

கடைசியாக ஒன்று, இது உங்களுக்கல்ல, மெசினை ஓட்டுகிற பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். பின்னேரம் வேலை முடிந்ததும் இரண்டு வாளி தண்ணீரும் ஒரு வாளி சல்லியும் ட்ரம்முக்குள் போட்டு ஐந்து நிமிடம் சுற்றவிட்டுக் கவிழ்க்கவேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைத் தவறாமல் செய்தவர்களின் மிக்ஸர் என் கொட்டிலுக்கு அரிதாகத்தான் வருகிறது.