அப்கார் புள்ளியும் பிள்ளையின் நாளையும்

எங்கள் மகன் பிறந்தவுடன் அழவில்லை, மூளைக்கு ஒக்சிஜன் குறைந்துவிட்டது என்றார்கள். அப்கார் புள்ளி முதல் நிமிடத்தில் 3, ஐந்தாம் நிமிடத்தில் 7. இப்போது மூன்று மாதம். நடப்பானா, படிப்பானா என்று இப்போதே தெரியுமா?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

அந்த 3-ஐ மறந்துவிடுங்கள், அம்மா. வேர்ஜினியா அப்கார் 1953இல் வெளியிட்ட அந்தக் கணக்கு, பிள்ளைக்கு அந்த நிமிடமே உதவி வேண்டுமா என்று பார்க்கத்தான். சாதகம் கணிக்க அல்ல. ஐந்தாம் நிமிடத்தில் 7க்கு ஏறியது நல்ல செய்தி.

நடப்பதைப் பற்றி ஊகிக்க இதுவே சரியான வயது. பசியாறி விழித்திருக்கும்போது மல்லாக்கக் கிடத்தி, கிலுகிலுப்பை எதுவும் காட்டாமல், மூன்று நான்கு நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். கழுத்து, கை, கால் என்று உடம்பெங்கும் சின்னச் சின்னச் சுழல் அசைவுகள் ஓயாமல் வந்தால் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. பிரெக்ட்ல் முறை என்பார்கள். பார்த்துச் சொல்லப் பயின்ற கண் வேண்டும். வீடியோவைப் பொறளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்கில் காட்டுங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அந்த அறிக்கையும் கையில் இருக்கட்டும். அப்கார் புள்ளியைவிட அது அதிகம் சொல்லும்.

ஒரு கை மட்டும் எப்போதும் இறுக மூடியிருந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம்; பிசியோதெரபி முந்தினால்தான் பலன்.

படிப்பா? அதை எந்த ஸ்கானும் இப்போது சொல்லாது. உறவுக்காரர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள்.