ஆற்றங்கரையில் யூதர் ஊர்

அன்புள்ள கயல்விழி,

துரத்தப்பட்டவர்கள் பிறரை அடிமைப்படுத்துவார்களா என்று கேட்டிருந்தாய். வரலாற்றில் நடந்திருக்கிறது, கண்ணு. தென்னமெரிக்காவின் சூரிநாம் நாட்டில் ஜோடென்சவன்னா என்று ஓர் ஊர் இருந்தது. தலைநகர் பரமாரிபோவுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில், சூரிநாம் ஆற்றின் கரையில்.

அங்கே குடியேறிய யூதர்களின் முன்னோரை ஸ்பெயின் 1492இல் விரட்டியது. போர்ச்சுகல் 1497இல் கட்டாயமாக மதம் மாற்றியது. பிரேசிலில் டச்சுக்காரர் ஆண்ட ரெசிஃபே நகரில் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தார்கள். 1654இல் போர்ச்சுகீசியர் அதைத் திரும்பப் பிடித்ததும் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

1665இல் சூரிநாமை ஆண்ட ஆங்கிலேயர், அங்கே வந்து குடியேறிய யூதர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரமும் சொந்த நீதிமன்றமும் எழுதிக் கொடுத்தார்கள். 1667இல் ஆட்சி டச்சுக்காரர் கைக்கு மாறியும் அவை நீடித்தன. அக்காலத்து யூதருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் குறைத்து மதிப்பிடாதே. 1685இல் செங்கல்லால் ஒரு ஜெப ஆலயம் எழுப்பினார்கள். பெயர் பெராகா வே ஷாலோம்.

ஆனால் அந்த ஊருக்குச் சோறு போட்டது கரும்பு. கரும்பை வெட்டியதும், ஆலையில் பிழிந்ததும், கொதிக்கும் கொப்பரை முன் நின்று சாறு காய்ச்சியதும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். உரிமைப் பட்டயத்தில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. யூத ஆண்களுக்கும் ஆப்பிரிக்கப் பெண்களுக்கும் பிறந்து, யூதர்களாகவே வளர்ந்தவர்களைக்கூடச் சபை நெடுங்காலம் முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. கல்லறைகளைப் பார்த்தாலே புரியும்: யூதர்களுடையவை கடல் கடந்து வந்த பளிங்கிலும் நீலக்கல்லிலும் எபிரேயமும் போர்ச்சுகீசியமும் பொறித்தவை, ஆப்பிரிக்க வழியினர் கல்லறைகளில் மரக் குறிகளும் உண்டு, மழையில் உளுத்துப்போகிறவை.

மண் சாரம் இழந்தது. 1773இல், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஆம்ஸ்டர்டாம் சந்தை சரிந்தது. ஆட்கள் பரமாரிபோவுக்கு நகர்ந்தார்கள். 1832இல் தீ மிச்சத்தை அழித்தது. 2023இல் யுனெஸ்கோ அந்த இடிபாடுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆலயத்தைப் பற்றிப் படிப்பதோடு நிறுத்திவிடாதே. சரமாக்கா மக்களைப் பற்றியும் தேடிப் படி. தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஊர் அமைத்தவர்கள் அவர்கள். எஜமானர்களின் போர்ச்சுகீசியம் இன்றும் அவர்கள் மொழியில் கலந்திருக்கிறது. பல தலைமுறை போராடி, 1762இல் டச்சு அரசையே உடன்படிக்கைக்கு இறங்கிவர வைத்தார்கள். சூரிநாமில் அடிமைமுறையை டச்சு அரசு ஒழித்தது அதற்கு 101 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான்.

அன்புடன்,
மாமா